கறுப்பு ராஜாவுக்குச் சந்து எங்கே?

திருச்சுழித் தலபுராணத்தில் ஒரு பிரளயம் வரும். உலகத்தை முழுங்க வந்த வெள்ளத்தைச் சிவபெருமான் சூலத்தால் தரையில் ஒரு துளை போட்டு, அதற்குள் சுழித்து இறங்க வைத்தார். ஊர் பிழைத்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது. அன்றைக்கு உள்ளே போன தண்ணீர் இன்னும் மேலே வரவில்லை என்பது மட்டும்தான் எங்கள் பக்கத்து மக்களுக்கு இருக்கிற மனத்தாங்கல். குண்டாறு வருஷத்தில் பாதிக்கு மேல் மணலாகவே கிடக்கும். கண்மாயில் பையன்கள் ஸ்டம்ப் நட்டிருப்பார்கள். அருப்புக்கோட்டைக்குள் தறிச் சத்தம். ஊரைத் தாண்டிக் கிழக்கே போனால் சீமைக்கருவேலம், அதைத் தாண்டினால் இன்னும் கொஞ்சம் சீமைக்கருவேலம்.

வானம் பார்த்த பூமியில் வானத்தைப் பார்த்து முடித்தபின் மனிதன் தரையைத்தான் பார்க்கவேண்டும். தரையில் ஆடுபுலி ஆட்டத்துக்குக் கோடு கீறியிருக்கும். 3 புலி, 15 ஆடு, 23 புள்ளி. புலிக்குப் பசி உண்டு, ஆட்டுக்குப் பொறுமை உண்டு. புலி ஆட்டைத் தாண்டித் தின்னலாம். ஆடு புலியை ஒன்றும் செய்யமுடியாது. ஆனால் பதினைந்தும் பேசிவைத்துக்கொண்டு நின்றால் மூன்று புலியும் கால் எடுத்துவைக்க இடமில்லாமல் முழித்துக்கொண்டு நிற்கும். ரத்தம் கிடையாது, கூச்சல் கிடையாது, ஆட்டம் முடிந்தது. எதிரியைக் கொல்லவேண்டியதில்லை, போக இடமில்லாமல் பண்ணினால் போதும் என்கிற தத்துவத்தை எங்கள் ஊர் வெள்ளாடு இப்படித்தான் கற்றுக்கொடுத்தது.

இதே தத்துவத்தை 64 கட்டத்தில் செய்வதற்குச் சதுரங்கப் புதிர் என்று பெயர். பத்திரிகையின் ஏதோ ஒரு மூலையில், ராசிபலனுக்குப் பக்கத்தில் படம் போட்டிருக்கும்: ‘வெள்ளை முதலில் ஆடி 2 ஆட்டத்தில் மேட்.’ கறுப்பு ஓடினாலும், ஒளிந்தாலும், குறுக்கே ஆளை நிறுத்தினாலும், எதிரே வந்தவனை வெட்டினாலும், இரண்டாவது ஆட்டத்தில் அதன் ராஜா காலி ஆகியே தீரவேண்டும். அதுதான் கட்டாய மேட். அந்தப் புதிர் எந்த ஆட்டத்திலும் வந்த நிலை இல்லை. ஒருவர் ராத்திரி விழித்திருந்து ஒவ்வொரு காயாக வைத்து இழைத்தது.

இழைப்பவர்களுக்கு ஆசாரம் ரொம்ப அதிகம். முதல் நகர்த்தல் ஒன்றே ஒன்றுதான் இருக்கவேண்டும். வேறொரு வழியிலும் மேட் வருகிறது என்று எவனாவது தபால் அட்டை போட்டுவிட்டால் புதிரில் ஓட்டை. செய்தவர் கொஞ்சநாள் வெளியே தலைகாட்டமாட்டார். முதல் நகர்த்தலே செக் என்றால் அது முரட்டுத்தனம். காயை வெட்டி ஆரம்பிப்பது அதைவிடக் கேவலம். உத்தமமான புதிரில் முதல் நகர்த்தல், சம்பந்தமே இல்லாததுபோல எங்கேயோ ஒரு மூலைக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். பலகையில் வேலை இல்லாமல் ஒரு சிப்பாய்கூட நிற்கக்கூடாது. சிக்கனம்தான் அந்த மதத்தின் முதல் கட்டளை.

புதிரில் முக்கியமாக மூன்று ரகம். ஒன்று, நேர் மேட்: மேலே சொன்னது. இரண்டு, ஹெல்ப்மேட்: கறுப்பும் வெள்ளையும் பேசிவைத்துக்கொண்டு கறுப்பு ராஜாவைக் காலிபண்ணுவது. மூன்று, செல்ஃப்மேட்: ‘வேண்டாம் சாமி, விட்டுவிடு’ என்று கறுப்பு கதறினாலும் விடாமல் அதைக் கட்டாயப்படுத்தி, வெள்ளை தன் ராஜாவையே மேட் பண்ணிக்கொள்வது. இதெல்லாம் ஜெர்மனியிலும் ரஷ்யாவிலும் மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் கண்டுபிடித்தது என்று நினைத்தால் தப்பு. மூன்றையும் நிஜ மனிதர்களை வைத்து எங்கள் பக்கத்துப் பூமியிலும் அதன் அக்கம்பக்கத்திலும் ஆடிக்காட்டியிருக்கிறார்கள். அதற்குமுன் கொஞ்சம் வெளியூர் போய்வருவோம். ஒரு விதியைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பவேண்டியிருக்கிறது.

விதி இதுதான்: பலகையில் தப்பவே முடியாத மேட் போடத் தெரிந்தவன் கையில் ராஜ்யம் இருக்காது. ராஜ்யம் வைத்திருப்பவன் போடுகிற மேட்டில் ஓட்டை இருக்கும்.

முதல் சாட்சி, பாக்தாத். 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலீஃபா அல்-முக்தஃபியின் தர்பாரில் அல்-மாவர்தி என்று ஓர் ஆஸ்தான ஆட்டக்காரர் இருந்தார். பெயரைத் தமிழில் சொன்னால் பன்னீர்க்காரர். கலீஃபாவுக்கு ரொம்பப் பிடித்தமானவர். ஒருநாள் அஸ்-சூலி என்கிற புதிய ஆளைக் கொண்டுவந்து எதிரே உட்காரவைத்தார்கள். கலீஃபா பன்னீர்க்காரர் பக்கம் நின்று கைதட்டாத குறை. அஸ்-சூலி துவைத்துக் காயப்போட்டுவிட்டார். கலீஃபா உடனே கட்சி மாறி, உன் பன்னீர் மூத்திரமாகிவிட்டதே அப்பா என்று பழைய ஆஸ்தானத்தை வழியனுப்பிவைத்ததாகக் கதை. கட்சி மாறுவதற்குத் தேர்தல் வரவேண்டும் என்கிற அவசியம் அப்போதும் இல்லை.

அந்த அஸ்-சூலி புதிர் செய்வதிலும் அசகாயசூரர். அவர் கட்டிய ஒரு புதிருக்கு, தன்னிடம் பாடம் கேட்டவனைத் தவிர யாரும் விடை சொல்லமுடியாது என்று மார்தட்டினார். பெரியவர்கள் இப்படித்தான் பேசுவார்கள் என்று விட்டுவிடலாம். ஆனால் அது 1000 வருஷத்துக்கு மேல் யாருக்கும் பிடிகொடுக்கவில்லை. 1980களில் யூரி அவெர்பாக் என்கிற ரஷ்ய கிராண்ட்மாஸ்டர் உட்கார்ந்து அதைப் பிரித்தார். சரி, அவ்வளவு மூளைக்காரர் கடைசியில் என்ன ஆனார்? அரசியலில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டு, பஸ்ராவில் தலைமறைவாகக் கிடந்து 946 வாக்கில் இறந்துபோனார். பலகையில் ஆயிரம் வருஷத்துக்கு வழியை அடைத்தவருக்கு, வெளியே ஒரு சந்து கிடைக்கவில்லை.

அந்தக் காலத்துப் புதிர்களில் எனக்குப் பிடித்தது திலாராம் புதிர். ஒரு பிரபு. சூதாட்டக் கிறுக்கு. எல்லாவற்றையும் தோற்றபின் மனைவி திலாராமையே பந்தயத்தில் வைத்துவிட்டார். ஆட்டம் அவர் பக்கம் தொங்கிக்கொண்டிருக்கிறது. அடுத்த நகர்த்தலில் எதிராளி மேட் போடப்போகிறான். திரைக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மாள், ரெண்டு யானையையும் கொடுத்துத் தொலை, என்னைக் கொடுக்காதே என்று குரல் கொடுத்தாளாம். பிரபுவுக்கு அப்போதுதான் கண் திறந்தது. மூலைக் கட்டத்தில் ஒரு யானையைப் பலிகொடுத்தார், ராஜா வெட்டியது. இன்றைய பிஷப்பின் பாட்டன் ஒருவர் அந்தக் காலத்து வழக்கப்படி ஒரு கட்டம் தாண்டிக் குதித்து வழியைத் திறந்தார். இரண்டாவது யானையும் அதே மூலையில் போய் விழுந்தது. பிறகு ஒரு சிப்பாய் ஓரடி வைத்தான். குதிரை வந்து கதையை முடித்தது.

இதே காட்சி நம்மிடமும் உண்டு. தருமர் பாஞ்சாலியைப் பந்தயத்தில் வைத்தபோது ஒரு வார்த்தை அவளிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தோற்றபின் சபைக்கு வந்தவள் கேட்ட கேள்வியைப் பாருங்கள்: தன்னை முதலில் தோற்றவர் என்னை எப்படி வைத்து ஆடமுடியும்? பீஷ்மர் தாடியைத் தடவினார். துரோணர் கூரையைப் பார்த்தார். சகுனி இழைத்த கச்சிதமான புதிரில் ஓட்டையைக் கண்டுபிடித்தவள் அவள் ஒருத்திதான். திலாராமுக்கு விடை தெரிந்தது. பாஞ்சாலிக்குப் புதிரே தப்பு என்று தெரிந்தது. இரண்டு வீட்டிலும் ஆட உட்கார்ந்தது என்னவோ கணவன்மார்தான்.

அடுத்த சாட்சி நம் பக்கத்துப் பெயர்க்காரர், திருவேங்கடாசாரிய சாஸ்திரி. 1814இல் பம்பாயில் அவருடைய சதுரங்கப் புத்தகம் ஒன்று இங்கிலீஷில் அச்சானது. சமஸ்கிருதத்திலிருந்து கொண்டுவந்தது. துரைமார் ஆடுகிற விதிக்கு ஏற்ப, இக்கட்டான நிலைகளைக் கட்டி, இதிலிருந்து எப்படி முடிப்பாய் என்று கேட்கிற புத்தகம். பம்பாய்க்குச் சில மணி நேரப் பயணத்தில் இருக்கிற புனேயில் அப்போது பேஷ்வா இரண்டாம் பாஜி ராவ் ஆண்டுகொண்டிருந்தார். இக்கட்டான நிலை என்றால் அவருடையதுதான். நாலே வருஷம், 1818இல் கிழக்கிந்தியக் கும்பினியிடம் சரணடைந்து, ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய் பென்ஷன் வாங்கிக்கொண்டு கான்பூர் பக்கம் பிட்டூருக்குக் குடிபோனார். தோற்ற ராஜாவைப் பெட்டிக்குள் போடுவதுதான் சதுரங்க வழக்கம். கும்பினி பெட்டியோடு பென்ஷனும் கொடுத்தது.

மைசூரில் மும்மடி கிருஷ்ணராஜ உடையார். 1799இல் ஐந்து வயதில் அரியணையில் ஏற்றினார்கள்; 1831இல் நிர்வாகத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். கையில் நேரம் நிறைய. மனிதர் பலகை விளையாட்டுகளில் இறங்கிவிட்டார். ஒற்றைக் குதிரையை 64 கட்டத்திலும் ஒருதடவைக்குமேல் மிதிக்காமல் ஓட்டுகிற சுற்றுகளை விதவிதமாகக் கட்டினார்; கட்டங்களில் எண்ணைப் போட்டுக் கூட்டினால் கணக்கு மாயமாக ஒத்துவருகிற சுற்றுகளும் அதில் உண்டு. ராஜ்யத்தில் குதிரை ஓட்ட விடவில்லை என்றால் மனிதன் வேறு என்ன செய்வான்?

டெல்லியில் கதை இன்னும் தமாஷ். அங்கே ஹென்றி அகஸ்டஸ் லவ்டே என்று கும்பினியின் பாதிரியார் ஒருவர். ‘ஷாகிர்த்’, அதாவது சிஷ்யன், என்று புனைபெயர் போட்டு லண்டனுக்கு ஒரு புதிர் அனுப்பினார். ஹாவர்ட் ஸ்டாண்டன் நடத்திய சதுரங்கப் பத்திரிகையில் 1845 பிப்ரவரியில் வந்தது. வெள்ளை 4 ஆட்டத்தில் மேட். பார்த்தால் ஒன்றுமே இல்லாத பலகை. கறுப்பிடம் ஒரு ராஜா, ஒரு சின்னச் சிப்பாய்ப் பட்டாளம். லண்டனில் பெரிய பெரிய தலைகள் தொப்பியைக் கழற்றிவைத்துவிட்டுச் சொறிந்துகொண்டன.

சிக்கல் என்னவென்றால், கறுப்பு ராஜாவை நெருக்கினால் அது நகர இடமில்லாமல் போய்விடும்; செக் இல்லாமல் நகர இடமில்லை என்றால் ஆட்டம் சமன். அதாவது, ரொம்பக் கெட்டியாகப் பிடித்தால் தப்பித்துவிடும். பாதிரியார் என்ன செய்தார்? தன் பிஷப்பைச் சண்டை நடக்கிற இடத்திலிருந்து தூரமாக, சி1 கட்டத்துக்கு ஓய்வெடுக்க அனுப்பினார். போகிற வழியில் அது டி2 கட்டத்தைத் தாண்டிப்போனது, அங்கேதான் சூட்சுமம். கறுப்பின் சிப்பாய் நகர்த்தல்கள் தீர்ந்ததும் யானையைக் கொண்டுவந்து அந்த டி2வில், பிஷப்பின் முகத்துக்கு நேரே நிறுத்தினார். பிஷப்பின் பார்வை மறைந்தது. கறுப்பு ராஜாவுக்கு எஃப்4 கட்டம் திறந்தது. ஆகா, காற்று வருகிறதே என்று அது அங்கே கால்வைத்தது. யானை டி4க்கு ஏறியது. யானையும் செக், பின்னால் மறைந்திருந்த பிஷப்பும் செக், மேட். தன் சாமியாரையே திரைக்குப் பின்னால் உட்காரவைத்து ஆளைப் பிடித்த பாதிரியார், அதைப் பிரசங்க மேடையில் செய்யாமல் பலகையில் செய்தார் என்பதற்காக நாம் சந்தோஷப்படவேண்டும். உலகம் அதற்கு ‘இந்தியப் புதிர்’ என்று பெயர் வைத்தது. அதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடை இருந்ததாகப் பிறகு கண்டுபிடித்து ஓட்டையும் சொன்னார்கள். ஆனாலும் அந்த யோசனையின் அழகு நிலைத்துவிட்டது. 1903இல் கோட்ஸ், கொக்கெல்கோர்ன் என்கிற இரண்டு ஜெர்மானியர் அந்த ஒரு புதிரைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார்கள். லவ்டேக்கு அது தெரியாது. அவர் 1848லேயே போய்ச்சேர்ந்துவிட்டார்.

இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். லவ்டே மேட் போட்டது வழியை அடைத்து அல்ல, வழியைத் திறந்துவிட்டு. கறுப்பு ராஜா எந்தச் சந்தில் ஓடும் என்று முதலிலேயே அவருக்குத் தெரியும். அதே கும்பினியில் சம்பளம் வாங்கிய இன்னொருவருக்கு இது தெரியாமல் போனதால்தான் 1798இல் ஒரு கூத்து நடந்தது. இப்போது ஊருக்குத் திரும்பலாம்.

ராமநாதபுரம் சேதுபதியை 1795இலேயே கும்பினி பிடித்து உள்ளே போட்டுவிட்டது. அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் அந்தச் சேதுபதி சீமையில் சேர்ந்தவை. கலெக்டராக ஜாக்சன் துரை. 1959இல் வந்த கட்டபொம்மன் சினிமாவைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயரைக் கேட்டதும் வசனம் தானாக வாயில் வரும். அதைத் திருப்பிச் சொல்ல இங்கே இடமில்லை. பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் கட்டபொம்மன் 3310 பகோடா வரி பாக்கி. வட்டி, கிஸ்தி, திறை என்று என்ன பெயர் சொன்னாலும் பணம் வரவில்லை. துரை ஒரு புதிர் இழைத்தார்.

முதல் நகர்த்தல் உண்மையிலேயே உயர்தரம். ராமநாதபுரத்துக்கு வந்து என்னைப் பார் என்று ஓலை அனுப்பிவிட்டு, துரை ராமநாதபுரத்தைவிட்டுக் கிளம்பிக் குற்றாலம் பக்கம் போய்விட்டார். செக் இல்லை, வெட்டு இல்லை, அமைதியான நகர்த்தல். லவ்டேயின் பிஷப்புக்கு 47 வருஷம் முன்பே ஒரு கலெக்டர் மூலைக்குப் போய் உட்கார்ந்திருக்கிறார். இப்போது கறுப்பு என்ன ஆடினாலும் நஷ்டம். வராவிட்டால் கலகக்காரன். வந்தால் அலையவிடலாம். பாளையக்காரனை அவனுடைய ஜனங்களுக்கு முன்னால் அலையவைத்தாலே பாதி மேட்.

கட்டபொம்மன் குற்றாலம் போனார். பார்க்கமுடியாது என்றார்கள். துரை சொக்கம்பட்டி, சிவகிரி என்று முகாம் மாற்றினார். இவர் பின்னாலேயே போனார். ஸ்ரீவில்லிபுத்தூரில் மறுபடியும் பேட்டி மறுப்பு; வேண்டுமானால் ராமநாதபுரத்துக்கு வா. ஜமாபந்தியில் மனுவைக் கையில் வைத்துக்கொண்டு, சார் மீட்டிங், சார் டூர், சார் சாப்பிடப்போய்விட்டார் என்று ஒவ்வொரு மேசையாகத் துரத்தப்படுகிற கிழவன் மாதிரி, ஆயுதமும் ஆட்களும் வைத்திருந்த ஒரு பாளையக்காரர் 23 நாளில் 400 மைல் அலைந்தார் என்று கணக்குச் சொல்கிறார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராமநாதபுரத்துக்கு வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுப் பாருங்கள். கோடு அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் கொஞ்சம் தெற்கே இறங்கிக் கமுதிப் பக்கம் போகும். ஆவணி புரட்டாசி வெயில். எங்கள் கரிசலில் அந்தச் சமயத்தில் வெடிப்புக்குள் குதிரைக் கால் போனால் குதிரை மேலே வரும், கால் வராது. இந்தப் பூமி வழியாகத் துரை பல்லக்கிலும் பாளையக்காரர் பின்னாலும் போன ஊர்வலம்தான், எங்கள் சீமையில் நடந்த முதல் தரமான கட்டாய நகர்த்தல். அதைப் பார்த்த கீதாரி எவனாவது ஆட்டை ஓரம் தள்ளிவிட்டு, புலியே ஆட்டுக்குப் பின்னால் நடக்கிறதே என்று வாயைப் பிளந்திருப்பான்.

1798 செப்டம்பரில் ராமநாதபுரம் ராமலிங்க விலாசம் அரண்மனை. சொந்தக்காரர் சிறையில், மண்டபத்தில் கலெக்டர். பேட்டி கிடைத்தது. நாற்காலி கிடைக்கவில்லை. மூன்று மணி நேரம் நிற்கவைத்தே விசாரணை. ஒரு பக்கம் கட்டபொம்மன், பக்கத்தில் தானாபதி சிவசுப்பிரமணிய பிள்ளை. வெளியே கும்பினிச் சிப்பாய்கள். துரையின் கணக்குப்படி நிலை முடிந்துவிட்டது. எல்லாக் கட்டமும் வெள்ளை வசம். அடுத்த நகர்த்தலில் மேட்.

மேட்டுக்கு முன்னால் ஒரு நிமிஷம். சாம் லாய்ட் என்று அமெரிக்காவில் ஒரு குறும்புக்காரர். 1861இல் வெளியான ஒரு புதிரைக் கட்டிவிட்டு நண்பரிடம் பந்தயம் கட்டினார்: இதில் எந்தக் காய் மேட் போடாது என்று சொல், பார்ப்போம். நண்பர் தன் ஊர்க்கோடியில் அசையாமல் தூங்கிக்கொண்டிருந்த ஒரு சிப்பாயைக் காட்டினார். அந்தச் சிப்பாய்தான் ஐந்து ஆட்டத்தில் பலகையின் அந்தக் கோடி வரை நடந்து, ராணியாக மாறி, மேட் போட்டான். யாரைக் கணக்கில் சேர்க்கவில்லையோ அவன் வருவான் என்பது புதிர் செய்கிறவர்களுக்குத் தெரியும். கலெக்டர்களுக்குத் தெரியாது. ராமலிங்க விலாசத்தில் யாரும் கணக்கில் சேர்க்காத ஆள், கட்டபொம்மனின் தம்பி. பேச்சு வராதவர், ஊமைத்துரை என்றே ஊர் கூப்பிட்டது. அவர் ஆட்களோடு கோட்டைக்குள் புகுந்தார். வாசலில் கைகலப்பு. லெப்டினன்ட் கிளார்க் செத்தார். கட்டபொம்மன் வெளியேறிவிட்டார். துரையின் கையில் மிஞ்சியது பிள்ளை மட்டும். ராஜாவைப் பிடிக்கக் கட்டிய புதிரில் மந்திரியை வெட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் மனிதர்.

ஓட்டை விழுந்தால் புதிர் செய்தவர் தலைகாட்டமாட்டார் என்றேன் அல்லவா? கும்பினி அதைவிடக் கண்டிப்பு. சென்னையில் கவர்னர் எட்வர்ட் கிளைவ். வில்லியம் பிரவுன், வில்லியம் ஓரம், ஜான் காஸமேஜர் என்று மூன்று பேர் கமிட்டி. உட்கார்ந்து நிலையைப் பரிசோதித்தார்கள். கட்டபொம்மன் பெரும்பகுதிப் பணத்தைக் கட்டிவிட்டார், 1080 பகோடாதான் பாக்கி என்று தெரிந்தது. 400 மைல் ஊர்வலம், ஒரு லெப்டினன்ட் உயிர், ஓர் அரண்மனை ரகளை எல்லாம் இந்தத் தொகைக்காக. சிக்கன விதிப்படி பார்த்தால் படுமோசமான புதிர். பிள்ளையை விடுதலை செய்தார்கள், ஜாக்சனை வேலையைவிட்டு அனுப்பினார்கள், லூஷிங்டன் வந்தார். இந்தக் கதையில் 1798இல் மேட் ஆன ஒரே ஆள் கலெக்டர்தான்.

கும்பினி தோல்வியை மறக்கிற ஜாதி இல்லை. அடுத்த வருஷம் மேஜர் பானர்மேன் வந்தார். அவருக்கு அமைதியான நகர்த்தல் எல்லாம் ஒத்துவராது. 1799 செப்டம்பரில் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டைக்கு நேரே பீரங்கியைக் கொண்டுபோய் நிறுத்தினார். முதல் நகர்த்தலே செக், இரண்டாவது வெட்டு. ரசிகர்கள் முகம் சுளிக்கிற முரட்டு ஆட்டம். அப்படியும் ராஜா கோட்டையில் இல்லை, மறுபடியும் நழுவிவிட்டார். விடுதலையான சிவசுப்பிரமணிய பிள்ளையை மறுபடியும் பிடித்து நாகலாபுரத்தில் தூக்கில் போட்டார்கள். ராஜாவுக்கு மேட் போடத் தெரியவில்லை.

பிறகு எப்படி முடிந்தது? இரண்டாவது ரகத்தில். புதுக்கோட்டைக் காட்டில் பதுங்கியிருந்தவரைத் தொண்டைமான் விஜயரகுநாதர் பிடித்துக் கும்பினியிடம் ஒப்படைத்தார். 1799 அக்டோபர் 16, கயத்தாறு, புளியமரம். வெள்ளைக்குத் தனியாக ஆடி ஜெயிக்க வக்கில்லாத இடத்தில், கறுப்புப் பக்கத்துக் காய் ஒன்று வழியை அடைத்துக்கொடுத்து ராஜாவைக் காலிபண்ணுவதற்கு என்ன பெயர் என்று மேலே படித்தீர்கள். ஐரோப்பாவில் அந்த ரகத்தைப் பத்திரிகைகளில் போட ஆரம்பித்தது அடுத்த நூற்றாண்டில். நாம் முந்திக்கொண்டோம். அதன்பின் அந்த ரகத்தில் நம் ஆட்கள் பின்தங்கியதே இல்லை. ஒவ்வொரு தேர்தலிலும் கூட்டணிப் பேச்சுவார்த்தை என்ற பெயரில் புதுப்புது ஹெல்ப்மேட் வெளியாகிக்கொண்டுதான் இருக்கிறது.

மூன்றாவது ரகம் பாக்கி. செல்ஃப்மேட். இதற்குத் திருச்சுழிப் பிள்ளை ஒருவர்தான் சரி. 1879 டிசம்பர் 30இல் வக்கீல் சுந்தரமய்யர் வீட்டில் பிறந்த வேங்கடராமன், பின்னாளில் ரமண மகரிஷி. பகவானின் அடியார்கள் கோபிக்கவேண்டாம்; அவரே நகைச்சுவை உள்ளவர்.

1896 ஜூலை. மதுரை சொக்கப்ப நாயக்கன் தெருவில் சித்தப்பா வீட்டு மாடி. பையனுக்கு வயது 16. உடம்பில் ஒரு கோளாறும் இல்லை. திடீரென்று, சாகப்போகிறோம் என்று ஒரு பயம். நம்மைப்போன்றவர்களாக இருந்தால் கீழே இறங்கி ஓடி, வெந்நீர் கேட்டு, சித்தியை எழுப்பி, டாக்டர் வீட்டுக் கதவைத் தட்டியிருப்போம். ராஜாவைக் காப்பாற்றுவதுதான் சாதாரண ஆட்டம். அந்தப் பையன் என்ன செய்தான்? சரி, மரணம்தானே, வரட்டும் என்று பிணம்போல விறைப்பாகக் கை காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, மூச்சை அடக்கி, வாயை இறுக்கி மூடிக்கொண்டான். செத்தது எது, மிச்சம் இருப்பது யார் என்று பார்த்தான். மேட் போட வராத எதிரியைக் கழுத்தைப் பிடித்து இழுத்துவந்து தன் ராஜாவையே மேட் பண்ணவைத்தான். அரை மணி நேரத்துக்குள் முடிந்தது. எழுந்தபோது ஆடுவதற்கு ஆள் இல்லை.

சிக்கனத்துக்கு வாருங்கள். ஆகஸ்ட் 29. பள்ளிக்கூட வகுப்புக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பியவனிடம் அண்ணன், அப்படியானால் பெட்டியிலிருந்து 5 ரூபாய் எடுத்து என் காலேஜ் சம்பளத்தைக் கட்டிவிடு என்றார். பையன் 3 ரூபாய் எடுத்துக்கொண்டு, ஒரு சீட்டெழுதி, 2 ரூபாயை அதனோடு வைத்துவிட்டுப் போய்விட்டான். சீட்டில் கையெழுத்துக்குப் பதில் ஒரு கோடு. தேவையில்லாத காய் ஒன்றையும் பலகையில் விடவில்லை. பழைய அட்லஸைப் பார்த்து, திருவண்ணாமலைக்குப் பக்கத்து ஸ்டேஷன் திண்டிவனம் என்று முடிவுசெய்து 2 ரூபாய் 13 அணாவுக்கு டிக்கெட் வாங்கினான். உண்மையில் விழுப்புரத்திலிருந்தே திருவண்ணாமலைக்கு ரயில் விட்டிருந்தார்கள், அட்லஸுக்குத் தெரியாது. மிச்சமிருந்தது 3 அணா. விழுப்புரத்தில் இறங்கி அதில் 2½ அணாவுக்கு மாம்பழப்பட்டு வரை டிக்கெட், பிறகு நடை, வழியில் காதுக் கடுக்கனை அடகுவைத்துக் கொஞ்சம் பணம். செப்டம்பர் 1 அன்று போய்ச்சேர்ந்து, கையிலிருந்த காசையும் குளத்தில் போட்டார். வேறொரு குறுக்குவழி இருந்தது, அதனால் புதிரில் ஓட்டை என்று யாராவது நடுவர் சொல்லலாம். தாராளமாகச் சொல்லட்டும், திருவண்ணாமலைக்குப் போய்ச் சொல்லவேண்டும்.

இப்போது விதியைச் சரிபாருங்கள். அஸ்-சூலி, திருவேங்கடாசாரியார், லவ்டே, உடையார்: அதிகாரம் இல்லாத, அல்லது அதிகாரம் போன கைகள், அவர்கள் கட்டியது இன்றைக்கும் பேசப்படுகிறது. கலெக்டர் ஜாக்சனிடம் படை இருந்தது, அரண்மனை இருந்தது, ஆர்டர் இருந்தது. கட்டியது மூன்று மணி நேரத்துக்குமேல் தாங்கவில்லை. காரணம் ஒன்றுதான். அதிகாரம் உள்ளவன் தன் காய்களை மட்டும் எண்ணுவான். புதிர் கட்டுகிறவன் எதிரியின் ஒவ்வொரு சந்தையும், ஒவ்வொரு தம்பியையும் எண்ணிவிட்டுத்தான் முதல் காயைத் தொடுவான்.

அடுத்தமுறை பத்திரிகையில் ‘வெள்ளை 2 ஆட்டத்தில் மேட்’ என்று பார்த்தால், எடுத்தவுடன் ராணியைத் தூக்கிக்கொண்டு செக் செக் என்று ஓடாதீர்கள். அது பானர்மேன் வழி. முதலில் கறுப்புப் பக்கம் போய் உட்காருங்கள். இப்போது கறுப்பு ஆடவேண்டியிருந்தால் ராஜா எங்கே ஓடும், எந்தச் சிப்பாய் எதை வெட்டும் என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொள்ளுங்கள். எந்த ஓட்டத்துக்கு இன்னும் பதில் இல்லையோ, அந்த இடத்தில்தான் விடை இருக்கும். புதிர் விடுவிப்பதில் கைதேர்ந்தவர்கள் எல்லோரும் இப்படித்தான் தொடங்குகிறார்கள். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதைத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. சேதுபதி, கும்பினி, ஜமீன், கலெக்டர் என்று மேலே இருப்பவர் மாறிக்கொண்டே இருந்த சீமை; எந்த உத்தரவு வந்தாலும், இதில் நாம் தப்பிக்க வழி எங்கே இருக்கிறது என்றுதான் முதலில் படித்துப் பார்ப்பார்கள்.